அமோனியா வாடை அடிக்கும் காளான் பைக்குக் காசு கொடுக்காதீர்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பட்டன் காளான் பற்றித்தான். அதிலும் எல்லோரும் சுற்றிச்சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறார்கள்: காளான் வளரும் வைக்கோல் கம்போஸ்டை வீட்டிலேயே தயாரிப்பதா, பையாக வாங்குவதா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? ஆகவே மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம் அக்கா. வீட்டுக்குப் பின்னால் பழைய மாட்டுக்கொட்டகை சும்மா கிடக்கிறது. பட்டன் காளானுக்கு கம்போஸ்ட் நாங்களே தயாரிக்கலாமா? 50 கிலோ வைக்கோல் இருந்தால் போதும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர்.

தயாரிக்கலாம், ஆனால் 50 கிலோவில் ஆகாது. காளான் கம்போஸ்ட் என்பது குப்பைக்குழியில் மக்கும் எரு மாதிரி இல்லை, குவியல் தன் சூட்டிலேயே வேக வேண்டும். நடுவில் 70 முதல் 75 டிகிரி வரை ஏற வேண்டும், அந்தச் சூட்டைப் பிடித்துவைக்கக் குவியலுக்கு உடம்பு வேண்டும், கிட்டத்தட்ட ஐந்தடி அகலம், ஐந்தடி உயரம். 50 கிலோ வைக்கோலை நனைத்துக் குவித்தால் இடுப்பு உயரம்கூட வராது, நம் ஊர்க் குளிரில் இரவோடு இரவாக ஆறிவிடும். சூடு ஏறாத வைக்கோலில் காளானுக்கு முன்னால் பச்சைப் பூஞ்சணம் குடியேறும்.

நீராவி இல்லாமல் குவியலிலேயே ஒரு மாதம் வேகவிடும் வழக்கமான நீண்டகால முறைக் கணக்கு 300 கிலோ வைக்கோலுக்கு ஏறக்குறைய இப்படி வரும்: கோதுமைத் தவிடு 30 கிலோ, கால்சியம் அமோனியம் நைட்ரேட் 9 கிலோ, யூரியா 4 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 3 கிலோ, பொட்டாஷ் 3 கிலோ, ஜிப்சம் 30 கிலோ. வைக்கோலை இரண்டு நாள் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, ஜிப்சம் தவிர மற்றதைக் கலந்து குவிக்க வேண்டும். 6ஆம் நாள் முதல் முறை திருப்பிப்போட வேண்டும், அப்புறம் 10, 13, 16, 19, 22, 25, 28 என்று எட்டு முறை. ஜிப்சம் மூன்றாவது திருப்பலில், அதாவது 13ஆம் நாள். திருப்புவது என்றால் கிளறிவிடுவது இல்லை, வெளியே இருந்தது உள்ளே போக வேண்டும், உள்ளே இருந்தது வெளியே வர வேண்டும். ஆள்கூலி முழுக்க இதற்குத்தான் போகும், அதைக் கணக்கில் எழுதாமல் "செலவு கம்மி" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இந்தக் கணக்கு கோதுமை வைக்கோலுக்கு எழுதப்பட்டது. நமக்குக் கிடைப்பது நெல் வைக்கோல். அது மென்மையானது, சீக்கிரம் அமுங்கிக் களியாகிவிடும், அதனால் தண்ணீரைக் கொஞ்சம் பார்த்து ஊற்றுங்கள். வைக்கோல் வாங்கும்போது ஒரு உருளையை அறுத்து உள்ளே பாருங்கள். வெளியே பொன்னிறமாக இருக்கும், நடுவில் மழை பட்டுக் கறுத்துப் போயிருக்கும், அது வேண்டாம். கட்டுக் கணக்கில் பேசாமல் எடைக் கணக்கில் பேசுங்கள், ஒரு உருளைக்கும் இன்னொன்றுக்கும் எடை ஒத்துவராது. மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மலையேற்றும் வண்டி வாடகை வைக்கோல் விலையையே மிஞ்சிவிடலாம், அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜிப்சம் கேட்டால் சில கடைகளில் சுண்ணாம்பை எடுத்துக் கொடுத்து "எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். ஒன்றில்லை. ஜிப்சம் வைக்கோலின் பிசுபிசுப்பைப் போக்கி, அமோனியா வீணாகப் பறக்காமல் பிடித்துவைக்கும். சுண்ணாம்பு காரத்தைக் கூட்டி அமோனியாவைக் கிளப்பிவிடும். மூட்டையில் விவசாய ஜிப்சம் என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வெப்பமானி வாங்க முடியாவிட்டால் ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் சொருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். கையில் வைத்திருக்க முடியாமல் சுட்டால் சரி, வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் குவியல் வேகவில்லை. கொட்டகையில் கூரை நன்றாக இருக்க வேண்டும், தென்மேற்குப் பருவமழை ஒருநாள் உள்ளே அடித்தால் போதும், போட்ட உரமெல்லாம் கரைந்து ஓடிவிடும். அடியில் வழியும் காப்பித் தண்ணீர் போன்ற சாற்றை ஓடையில் விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. கீழே இன்னொரு ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. ஒரு குழி வெட்டித் தேக்கி அதையே திரும்பக் குவியலில் ஊற்றலாம், கம்போஸ்டுக்கும் அதுதான் நல்லது.

இத்தனையும் செய்தால் 300 கிலோ வைக்கோலிலிருந்து 550 முதல் 600 கிலோ கம்போஸ்ட் வரும், பத்துக் கிலோ பையாகப் போட்டால் ஐம்பத்தைந்து அறுபது பை. ஒரு குடும்பத்துக்கு இது மிக அதிகம். நாலு வீடு சேர்ந்து ஒரே குவியல் போட்டுப் பங்கிட்டுக்கொள்வதாக இருந்தால் மட்டும் இறங்குங்கள், இல்லையென்றால் பையாக வாங்குவதுதான் லாபம்.

கேள்வி: குன்னூரில் தயார் கம்போஸ்ட் பை கிடைக்கிறது, விதையும் கலந்தே தருகிறார்கள். பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. நல்ல பையை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூக்கால். பையின் வாயைப் பிரித்து முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுங்கள். நல்ல கம்போஸ்டில் மழை நின்ற காட்டு மண்ணின் வாசம் இருக்கும், லேசான இனிப்பு வாடைகூட வரும். கண் எரிகிறது, பேருந்து நிலையக் கழிப்பறைப் பக்கம் போன மாதிரி இருக்கிறது என்றால் அமோனியா இன்னும் வெளியேறவில்லை. அதில் காளான் விதை, அதாவது சோள மணியில் வளர்த்த காளான் இழை, பிழைக்காது. "நாலு நாள் வைத்தால் போய்விடும்" என்று சொன்னால், போன பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒருவரிடம் இருபது பை வாங்கினேன். வாடை லேசாகத்தான் இருந்தது, அவர் பேச்சை நம்பி ஏற்றிவந்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாளில் பைகளிலிருந்து நீள நீளமாகக் காம்பு வைத்துச் சாம்பல் நிறக் குடைகள் எழும்பின. மறுநாள் காலை அந்தக் குடைகளின் விளிம்பு கரைந்து, கறுப்பு மை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகிடந்தது. மைக்குடைக் காளான் என்பார்கள், கம்போஸ்டில் அமோனியா மிச்சம் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இருபது பையில் மூன்றே மூன்றுதான் தேறியது. விற்றவரிடம் போய்க் கேட்டபோது, "நீங்கள் தண்ணீர் அதிகம் விட்டிருப்பீர்கள்" என்றார். என் கையில் இருந்த ரசீதில் "காளான் பை – 20" என்பதைத் தவிர ஒன்றுமே இல்லை, எடை இல்லை, தேதி இல்லை. எதை வைத்து வாதாடுவது?

அடுத்து ஈரம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். உள்ளங்கை ஈரமாகி, விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி எட்டிப்பார்க்கலாம். தாரையாக வழிந்தால் தண்ணீர் கூடுதல், தண்ணீருக்கும் கிலோ கணக்கில் காசு கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். கையைத் திறந்ததும் உருண்டை பொலபொலவென்று உதிர வேண்டும், கையில் பசை போல ஒட்டக் கூடாது. நிறம் அடர்பழுப்பு. வைக்கோல் தாள் தாளாகத் தெரிய வேண்டும், ஆனால் இழுத்தால் சிரமமில்லாமல் அறுந்துவிட வேண்டும்.

நீராவியில் பதப்படுத்தியதா என்று கேளுங்கள். 57 முதல் 60 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, அப்புறம் 45 – 50 டிகிரியில் சில நாள் பக்குவப்படுத்தியிருந்தால் அது குறுகியகால முறை. 100 கிலோ கம்போஸ்டுக்கு 18 – 20 கிலோ காளான் எதிர்பார்க்கலாம். வெறும் நீண்டகால முறை என்றால் 10 முதல் 15 கிலோதான். அப்படியிருக்க, இரண்டுக்கும் ஒரே விலை கேட்டால் நியாயமில்லை.

விலை கட்டுமா என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. பத்துக் கிலோ பை நன்றாக விளைந்தால் ஆறு எட்டு வாரத்தில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ தரும். கடையில் 200 கிராம் பொட்டலம் என்ன விலையோ அதை ஏழால் பெருக்குங்கள். பை விலை, மேல்மண் (இழை ஓடிய பிறகு கம்போஸ்டின் மேல் பரப்பும் மண்), வண்டிச் செலவு மூன்றும் சேர்ந்து அதைத் தாண்டினால் வீட்டு உபயோகத்துக்கு அது நட்டம்.

விதை கலந்த தேதி பையில் எழுதியிருக்க வேண்டும். 22 – 25 டிகிரியில் இரண்டு வாரத்தில் வெள்ளை இழை பை முழுவதும் ஓடிவிடும். மூன்று வாரமாகியும் திட்டுத்திட்டாக இருந்தால் வேண்டாம். பச்சைப் புள்ளியோ மஞ்சள் படையோ தெரிந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள், மற்ற பைக்கும் அது பரவும்.

கேள்வி: வீட்டில் மண்புழு உரம் நிறைய இருக்கிறது. கம்போஸ்டுக்குப் பதில் அதையே போடலாமா?

வேண்டாம். முழுக்க மக்கிய உரத்தில் காளான் சாப்பிட ஒன்றும் மிச்சம் இருக்காது. செலவில்லாமல் ஆரம்பிக்க ஆசைப்பட்டால் சிப்பிக் காளானுக்குப் போங்கள், அதற்குக் கம்போஸ்டே தேவையில்லை. வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து ஆறவிட்டால் போதும்.

கேள்வி: கொடைக்கானல், வில்பட்டி. விதையை கோவையிலிருந்து வாங்கிவரலாமா? மேல்மண்ணுக்குக் காட்டுச் சதுப்பிலிருந்து கறுப்பு மண் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார், எடுக்கலாமா?

விதை தாராளமாக வாங்கிவரலாம், ஆனால் சூடு படக் கூடாது. விடிகாலைப் பேருந்தில் கிளம்புங்கள், இன்ஜின் பக்கத்தில் வைக்காதீர்கள், ஈரத்துணி சுற்றிய கூடையில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். விதைப்பையில் சோளம் முழுக்கப் பட்டுநூல் போல வெள்ளையாகப் படர்ந்திருக்க வேண்டும், புளித்த வாடை கூடாது. கம்போஸ்ட் தயாரான பிறகு வாங்குங்கள், விதையை வாங்கிவைத்துவிட்டுக் கம்போஸ்டுக்காகக் காத்திருக்காதீர்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஊட்டி 1 பட்டன் காளான் ரகம் நம் மலைக் குளிருக்கு ஏற்றது. நீலகிரிக்காரர்கள் ஊட்டியில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரிக்கலாம், உங்களுக்குக் கொடைக்கானலிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

சதுப்பு மண் மட்டும் வேண்டவே வேண்டாம். சோலையும் சதுப்பும் சேர்ந்துதான் நம் ஓடைகளுக்கு வெயில் காலத்தில் தண்ணீர் விடுகின்றன, அந்தக் கறுப்பு மண் உருவாக ஆயிரக்கணக்கான வருடம் ஆகியிருக்கிறது. வனத்துறை நிலத்தில் தோண்டுவது குற்றமும்கூட. இரண்டு வருடம் பழசான தொழுஉரமும் தோட்டமண்ணும் சம அளவு கலந்து, நீராவியில் 60 – 65 டிகிரியில் ஆறேழு மணி நேரம் வைத்து, ஆறியதும் ஒன்றரை அங்குலம் போடுங்கள். அதுவே நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: நூறு பை வாங்கினால் விளையும் காளானை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா? ஏமாந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா? நாங்கள் எல்லநள்ளியில் இருக்கிறோம், கம்பெனி கோவையில்.

முதலில் பத்துப் பை வாங்கி ஒரு விளைச்சல் பாருங்கள். நூறு பை வாங்கினால்தான் தருவோம் என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். திரும்ப வாங்குவதாகச் சொல்வதைக் காகிதத்தில் கேளுங்கள்: கிலோ என்ன விலை, எந்த அளவு விரிந்த காளான் வரை எடுப்பார்கள், வாரத்தில் எத்தனை நாள் வண்டி வரும், பணம் எத்தனை நாளில். பட்டன் காளான் பறித்த நாளிலிருந்தே பழுப்பாக ஆரம்பித்துவிடும், வண்டி மூன்று நாள் வராவிட்டால் "தரம் இல்லை" என்று கழித்துவிட அவர்களுக்கு வசதியாகிவிடும்.

ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை, ஊட்டியிலேயே மாவட்ட ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒரு விஷயம் முக்கியம்: வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். பிழைப்புக்காகச் சுயதொழிலாகச் செய்பவருக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு, அதனால் புகாரில் அதைத் தெளிவாக எழுதுங்கள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு முறை பேசிவிடுங்கள், சில விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

ரசீதில் பை எண்ணிக்கை, ஒரு பையின் எடை, விதை கலந்த தேதி, ரகம் நான்கும் இருக்கட்டும். பை வந்து இறங்கிய அன்றே பிரித்து, தராசில் வைத்து எடை தெரியும்படி ஒரு படம் எடுத்துவையுங்கள்.

கேள்வி: விளைந்து முடிந்த கம்போஸ்டை மூட்டை கணக்கில் விற்கிறார்கள். தேயிலைக்குப் போடலாமா?

தேயிலைக்கு வேண்டாம், அது புளிப்பு மண்ணில் வாழும் செடி, இந்தக் கம்போஸ்ட் காரப்பக்கம். கேரட், பீட்ரூட், பீன்ஸ் பாத்திக்கு நல்லது, ஆனால் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், ஆகவே ஆறு மாதம் மழையில் போட்டுவைத்துப் பிறகு மண்ணில் கலந்துவிடுங்கள். புதுசாக இருந்தால் பாதி விலைக்குக் கேளுங்கள், கொடுப்பார்கள், அவர்களுக்கும் அதை வைக்க இடமில்லை.