மண்டையில் துளை போடாமல் ரத்தக்கட்டைச் சரிசெய்ய முடியுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. இதயப் பிரச்சினைக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு மாதமாக மறதி, தடுமாற்றம். வலது காலை இழுத்து நடக்கிறார். சி.டி. ஸ்கேனில் இடப்பக்கம் மூளைக்கு மேல் பழைய ரத்தம் தேங்கியிருக்கிறதாம். துளை போட்டு எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். அதற்குப் பதிலாக ஆஞ்சியோ மாதிரி குழாய் விட்டே சரிசெய்யலாமா? தலையில் அடிபட்டதாக அவருக்கு நினைவே இல்லையே?

பதில்: அடி நினைவில் இல்லாதது இந்த நோயில் சகஜம். வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். மூளைக்கும் அதன் வெளியுறைக்கும் நடுவே ஓடும் சிறு சிரைகள் அப்போது இழுபட்டு நிற்கும். நிலைப்படியில் லேசாக இடித்துக்கொண்டாலே அவற்றில் ஒன்று கசியலாம். உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவருக்கு இன்னும் சுலபமாக. கசிந்த ரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு வளரும். அதில் முளைக்கும் புது நாளங்கள் மிக மெல்லியவை, அவையும் கசியும். இப்படிக் கட்டு மெல்ல மெல்லப் பெருத்து மூளையை அழுத்துவதால்தான், அடிபட்டுப் பல வாரம் கழித்துத் தொந்தரவு தெரிகிறது.

நீங்கள் கேள்விப்பட்ட குழாய் சிகிச்சை உண்மைதான். பெயர் எம்போலைசேஷன். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய கதீட்டரை மூளையுறைக்குப் போகும் தமனிவரை செலுத்தி, நுண்துகளோ பசை போன்ற திரவமோ விட்டு அதை அடைப்பார்கள். சவ்வுக்கு ரத்தம் போவது நின்றால் கசிவும் நிற்கும். ஆனால் ஏற்கெனவே தேங்கியதை இது வெளியே எடுக்காது. அது தானாகக் கரைய வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் ஆகும். தொந்தரவு அதிகமில்லாதவர்கள் காத்திருக்கலாம். உங்கள் அப்பாவுக்குக் கால் இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவருக்கு அந்த அவகாசம் இல்லை. துளை போடச் சொன்ன மருத்துவர் சொல்வதே சரி.

'மண்டையில் துளை' என்றதும் பயந்துவிடாதீர்கள். ஒன்றோ இரண்டோ துளைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள். பலருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடலாம். உறையைக் கீறியதும் பழைய என்ஜின் ஆயில் போலக் கறுத்த திரவம் தானே வழியும். மீதி வடிய ஒரு மெல்லிய குழாயை ஓரிரு நாள் விட்டுவைப்பார்கள். இது முக்கியம். 2009-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், வடிகுழாய் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கு ரத்தம் மீண்டும் சேர்ந்தது. வைத்தவர்களில் 9 சதவீதம்தான்.

குழாய் சிகிச்சையை விட்டுவிடவும் வேண்டாம், அறுவைக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், அறுவையோடு இதையும் செய்துகொண்டவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கே 90 நாளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டது. அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் 11 சதவீதம். இதயத்துக்காக மாத்திரையைத் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும் உங்கள் அப்பா போன்றவருக்கு இதைப் பற்றிக் கேட்பது நியாயமே. ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தமனியின் சில கிளைகள் கண்ணுக்கும் முகநரம்புக்கும் போகும் நாளங்களோடு சேர்ந்திருக்கும். அரிதாகப் பார்வை பாதிக்கப்படலாம், முகம் கோணலாம். அனுபவமுள்ளவர் முதலில் படம் எடுத்துப் பார்த்துவிட்டே அடைப்பார்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை இதய மருத்துவரும் நரம்பியல் அறுவை மருத்துவரும் இன்றே பேசி முடிவு செய்யட்டும். அதற்கிடையில் தலைவலி கூடி வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, விடியட்டும் என்று பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.