பை (π) குறிக்குப் பதிலாகச் சாய்ந்த ‘சி’ (c): பழைய பிரிண்டரில் கணிதக் குறிகள்

சேலம் வட்டாரத்து டியூஷன் சென்டர்களில் வினாத்தாள் அடிக்கும் பழைய பிரிண்டர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் தருகிறேன்.

அம்மாப்பேட்டை ஆசிரியை: ஐயா, என்னிடம் எப்சன் எல்.எக்ஸ்-300 இருக்கிறது. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் மென்பொருளில் அடித்தால் திரையில் பை சரியாகத் தெரிகிறது. தாளில் சாய்ந்த ‘சி’ விழுகிறது. பிரிண்டர் கெட்டுவிட்டதா?

பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது, டீச்சர். கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே பிரிண்டருக்கு அனுப்புகிறது. டாஸ் பயன்படுத்தும் 437ஆம் எழுத்துப் பட்டியலில் பைக்கு எண் 227. உங்கள் பிரிண்டரோ எப்சனின் சாய்வெழுத்துப் பட்டியலில் நிற்கிறது. அதில் சாதாரண எழுத்தின் எண்ணோடு 128ஐக் கூட்டினால் அதே எழுத்தின் சாய்ந்த வடிவம் இருக்கும். 227இலிருந்து 128ஐக் கழித்துப் பாருங்கள்: 99, அதாவது ‘சி’. சிக்மா (228) ‘டி’ ஆகிவிடும். எனக்குப் பெரிய கவலை ≤ குறிதான். அதன் எண் 243. தாளில் ‘எஸ்’ என்று விழும். மாணவன் அதை ஒரு மாறி என்று நினைத்துப் பெருக்கிவிடுவான். பிள்ளையின் மதிப்பெண் நம் கவனக்குறைவால் போகக் கூடாது. கோப்பின் தொடக்கத்திலேயே 27, 116, 1 என்ற மூன்று எண்களை (இலக்கங்களாக அடிக்காமல், கட்டளைக் குறியீடுகளாக) அனுப்புங்கள், பட்டியல் மாறிவிடும். அணைத்துப் போட்டால் பழையபடி திரும்பும். நிரந்தரமாக வேண்டுமென்றால் பிரிண்டரின் அமைப்பிலேயே மாற்றிவிடுங்கள்.

ஆத்தூர் வாசகர்: அந்தப் பட்டியலில் தீட்டா, லாம்டா எங்கே இருக்கின்றன?

பெரிய தீட்டா 233இல் உண்டு. சிறியதும் இல்லை, லாம்டாவும் இல்லை. பீட்டாவுக்குக்கூட 225இல் உள்ள ஜெர்மன் எழுத்துதான் கைகொடுக்கிறது. தீட்டாவுக்குத் தட்டச்சுக்காரர்களின் வழி போதும்: பூஜ்யத்தை அடித்து, எண் 8ஐ அனுப்பி ஓரிடம் பின்னால் வந்து, அதன் மேலேயே சிறுகோடு அடியுங்கள். சமக்குறியின் மேல் சாய்கோடு விழுந்தால் ‘சமமில்லை’ குறி (≠).

லாம்டாவை நீங்களே வரைந்து பிரிண்டருக்குக் கற்றுத்தரலாம். எப்சன் எஃப்.எக்ஸ்-80இல் ஓர் எழுத்துக்கு 11 நெடுவரிசை, 8 ஊசி (ரிப்பனைத் தட்டித் தாளில் புள்ளி வைக்கும் கம்பிகள்). கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். ஒரே வரிசையில் அடுத்தடுத்து இரண்டு புள்ளி வைக்க முடியாது; ஊசி அவ்வளவு விரைவில் மறுபடி அடிக்காது. சாய்கோடுகளால் ஆன லாம்டாவுக்கு இது தடையே இல்லை. சிக்மாவின் மேல்கோடும் கீழ்க்கோடும்தான் விட்டுவிட்டு விழும்.

ஓமலூர் வாசகர்: தொகையிடல் குறி (∫) இரண்டு துண்டாக விழுகிறது.

அது மேல்பாதி 244, கீழ்பாதி 245 என்று இரண்டு எழுத்துகள். 27, 48 அனுப்பினால் வரி இடைவெளி 1/8 அங்குலமாகும், துண்டுகள் நெருங்கிவிடும்.

ஏற்காடு வாசகி: லேசர் பிரிண்டரில் பிடிஎஃப் எடுத்தால் ஆல்ஃபா இருக்க வேண்டிய இடத்தில் ‘ஏ’ வருகிறது. மழைக்கால ஈரம் காரணமா?

ஈரம் தாளைச் சுருட்டும், சிக்க வைக்கும். எழுத்தை மாற்றாது அம்மா. 1985இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டரிலேயே இருந்த சிம்பல் எழுத்துருவில், ‘ஏ’யின் இடத்தில் ஆல்ஃபா உட்கார்ந்திருக்கும். கோப்போடு அந்த எழுத்துரு போகாவிட்டால் வேறொன்று அங்கே புகுந்துவிடும். பிடிஎஃப் ஆக்கும்போதே எழுத்துருக்களை உள்ளே பொதித்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டி கல்லூரி மாணவர்: அடுக்குப் பின்னம், பெரிய வர்க்கமூலம் எல்லாம் பழைய பிரிண்டரில் வருமா, சார்?

வரும் தம்பி. எண்களை அனுப்புவதை விட்டுப் பக்கத்தையே படமாக அனுப்ப வேண்டும். டொனால்டு நூத் 1978இல் வெளியிட்ட டெக் (TeX) என்ற கணித அச்சுக்கோப்பு மென்பொருள் இதற்கென்றே பிறந்தது போலிருக்கும். பக்கத்தை அது ஒழுங்குபடுத்தித் தர, அந்தந்தப் பிரிண்டருக்கான டிரைவர் மென்பொருள் அதைப் புள்ளிகளாக்கிவிடும். 9 ஊசியிலும் கிடைக்கும், ஆனால் மெதுவாகத்தான் ஓடும். 24 ஊசி எல்.க்யூ-300 கிடைத்தால் அதையே எடு. அங்குலத்துக்கு 180 புள்ளி என்பதால் கீழ்க்குறிகள் தெளியும். ரிப்பன் மங்கியிருந்தால் கீழ்க்குறியில் 1க்கும் ‘ஐ’க்கும் வேறுபாடு தெரியாது, அதனால் அச்சுக்கு முன் ரிப்பனை மாற்றிவிடு.