மதியம் ஒரு மணிக்கு எங்கே கட்டையைச் சாய்ப்பது?

இளங்கலை ஒரு கல்லூரி, முதுகலை வேறொரு கல்லூரி, இப்போது ஆய்வு மாணவியாக மூன்றாவது வளாகம். எல்லாம் சென்னைக்குள்தான். மூன்று இடத்திலும் மதியத் தூக்கத்துக்கு இடம் பிடித்தவள் என்ற ஒரே தகுதியில் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்திருக்கின்றன. கேட்டவர்களில் பெரும்பாலோர் டே ஸ்காலர்கள். ஹாஸ்டல்காரர்களுக்கு ரூம் இருக்கிறது. அவர்கள் இதைப் படிக்கும் நேரத்தில் போய்த் தூங்கலாம்.

அக்கா, முதல் வருஷம் சேர்ந்திருக்கேன். சாப்பிட்டதும் கண் சொருகுது. கேம்பஸ்ல எங்கதான் படுக்கிறது?

முதலில் திசையைப் பாருங்கள் தம்பி. மெத்தை மாதிரி புல்தரை, ஆளில்லாத மூலை என்று தேடுவதெல்லாம் அப்புறம். மதியத்துக்கு மேல் சூரியன் மேற்கே இறங்குவதால் கட்டடத்தின் கிழக்குப் பக்க வராந்தாவில்தான் நிழல் இருக்கும். நம் ஊரில் கடலும் கிழக்கே. அதனால் நிழலும் காற்றும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். ஆகவே கிழக்கு வராந்தா, அதுவும் தரைத்தளம்.

மேல் மாடி அமைதியாக இருக்கிறதே என்று ஏறிவிடாதீர்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளத்தில், காலையிலிருந்து கான்கிரீட் வாங்கி வைத்த சூடெல்லாம் மதியம்தான் உள்ளே இறங்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கிளறிக்கொண்டிருக்கும். மாநிலக் கல்லூரி, சேப்பாக்கம் பல்கலைக்கழக வளாகம் போன்ற இடங்களில் இருக்கும் பழைய கட்டடங்களில் படிப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தடித்த சுவர், உயரமான கூரை, எதிரே மெரினா. கடற்காற்று அவர்களைத் தொட்டுவிட்டுத்தான் தாம்பரம் பக்கம் போகும். அங்கே போய்ச் சேர இன்னும் நேரமாகும். மே, ஜூனில் மேற்குக் காற்று பலமாக அடிக்கிற நாட்களில் கடற்காற்று ரொம்பவே பிந்தும். அன்றைக்கு வெளியே படுப்பது வீண், லைப்ரரிக்குப் போய்விடுங்கள்.

மரத்தடியில் படுக்கலாமா? எங்கள் காலேஜில் நிறைய மரம் இருக்கிறது.

எந்த மரம் என்பதுதான் கேள்வி. புங்கை முதல் தரம், நிழல் அடர்த்தி. வேம்பும் நல்லது. தூங்குமூஞ்சி மரம் குடை விரித்த மாதிரி பரந்து நிற்கும், ஒரு கூட்டமே அதன் கீழே படுக்கலாம். மாமரத்தடியில் படுப்பதற்கு முன்னால் அண்ணாந்து பாருங்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்த மாதிரி கூடு தெரிந்தால் முசுறு குடியிருக்கிறது. ஒன்று கடித்தாலே அன்றைய தூக்கம் போச்சு. முருங்கைக்குக் கீழே கம்பளிப்பூச்சி. தென்னையைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

அடுத்தது குரங்கு. கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டியிருக்கும் ஐ.ஐ.டி. வளாகத்தில் படிப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மான் உங்களை ஒன்றும் செய்யாது. தலைமாட்டில் டிபன் பாக்ஸோடு இருக்கும் பையைக் குரங்கு சும்மா விடாது. மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரியின் தாம்பரம் வளாகம் 365 ஏக்கர், பாதி காடு மாதிரிதான். அங்கெல்லாம் புதர் ஓரமாகப் படுக்காமல், பெருக்கிச் சுத்தமாக இருக்கும் நடைபாதை பக்கம் படுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மரத்தடியை மறந்துவிடலாம். மழை ஒரு பக்கம், கொசு ஒரு பக்கம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிற ரகம். தண்ணீர் தேங்கிய பூந்தொட்டிக்குப் பக்கத்தில் பகலில் தூங்குவது அதற்குப் பந்தி வைப்பதற்குச் சமம்.

லைப்ரரியில் தூங்கினால் எழுப்பி விடுகிறார்களே?

எழுப்பத்தான் செய்வார்கள். பரீட்சை நேரத்தில் உட்கார இடமில்லாமல் ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போது நீங்கள் ஒரு மேசையை அடைத்துக்கொண்டு குறட்டை விட்டால் எனக்கே கோபம் வரும். செய்தித்தாள் பகுதியும் கம்ப்யூட்டர் பகுதியும் வேண்டாம். பழைய ஆய்வேடுகளும் பைண்டு செய்த பத்திரிகைகளும் அடுக்கியிருக்கும் வரிசைக்குப் பக்கத்து மேசை எப்போதும் காலியாக இருக்கும். அங்கே ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தலை சாயுங்கள்.

கையை மடித்து அதன்மேல் தலை வைத்துத் தூங்காதீர்கள். நரம்பு அழுந்தி, எழும்போது கை மரத்துப் போயிருக்கும், பேனா பிடிக்க வராது. ஒரு பருத்தித் துண்டை நாலாக மடித்துப் பையின்மேல் போட்டு அதில் கன்னத்தை வையுங்கள். ஏ.சி. குளிருக்கு அதே துண்டைப் போர்த்திக்கொள்ளலாம். துண்டு இல்லாமல் காலேஜுக்கு வருபவரை இந்த விஷயத்தில் நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

எவ்வளவு நேரம் தூங்கலாம்? நான் ஒரு மணி நேரம் தூங்கினால் எழும்போது தலை பாரமாக இருக்கிறது.

நீங்கள் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவில் எழுகிறீர்கள், அதுதான் பாரம். பத்திலிருந்து இருபது நிமிடம் என்றால் அந்த ஆழத்துக்குப் போகமாட்டீர்கள். அதற்கு மேல் என்றால் ஏறத்தாழ 90 நிமிடம், ஒரு முழுச் சுற்று. இரண்டுக்கும் நடுவில் எழுந்தால் ஒரு பீரியட் முழுக்க மந்தமாக இருக்கும். 1994-ல் வெளியான நாசா ஆய்வு ஒன்றில் நீண்ட தூர விமானிகளுக்கு 40 நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள். சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். ஓய்வு கிடைக்காத விமானிகளைவிட இவர்கள் விழிப்பாக இருந்தார்கள். விமானம் ஓட்டுகிறவருக்கே அது போதும் என்றால் நமக்கு என்ன?

கேன்டீனில் ஒரு காபி குடித்துவிட்டு உடனே படுத்துப் பாருங்கள். காஃபின் வேலை செய்ய ஆரம்பிக்க இருபது, முப்பது நிமிடம் ஆகும். அது வந்து சேரும்போது நீங்களும் எழுந்திருப்பீர்கள். மூன்று மணிக்கு மேல் மட்டும் வேண்டாம், ராத்திரி தூக்கம் கெடும்.

இன்னொன்று. சாப்பாட்டின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். பட்டினி கிடந்தாலும் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை உடம்பின் கடிகாரமே கொஞ்சம் இறங்கும். மெஸ் சாம்பார் சாதம் அதை ஒரு படி கூட்டுகிறது, அவ்வளவுதான்.

அக்கா, பசங்க எங்க வேணும்னாலும் படுக்குறாங்க. நாங்க என்ன பண்றது?

இது நியாயமான கேள்வி, இதற்கு மட்டும் நீட்டிச் சொல்கிறேன். முதலில் பெண்கள் ஓய்வறை எங்கே என்று விசாரியுங்கள். பல கல்லூரிகளில் அது இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, அல்லது உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு முதல்வருக்கு ஒரு மனு கொடுத்தால் பூட்டு திறக்க வாய்ப்பு உண்டு. சாவி யாரிடம் என்று பெருக்க வரும் அக்காவிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியாதது எதுவும் அந்தக் கட்டடத்தில் இல்லை.

அறை இல்லாவிட்டால் இரண்டு பேராகப் போங்கள். ஒருத்தி தூங்க, ஒருத்தி ரெக்கார்டு நோட்டு எழுத, இருபது நிமிடத்தில் மாறிக்கொள்ளுங்கள். ஆளில்லாத மூலை பாதுகாப்பு என்று தோன்றும். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. நாலு பேர் நடக்கிற இடத்தில், முதுகு சுவரில் படும்படி உட்கார்ந்து துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொள்வதுதான் நான் எப்போதும் செய்வது. எழுப்பவும் ஆள் இருக்கும், எவனாவது போனைத் தூக்கினால் பார்க்கவும் ஆள் இருக்கும்.

வாட்ச்மேன் விரட்டுகிறார்.

ஐ.டி. கார்டை வெளியே தெரியும்படி நெஞ்சில் போட்டுக்கொண்டு படுங்கள். அவருடைய முதல் சந்தேகம் வெளியாளா என்பதுதான். அப்புறம், காலையில் உள்ளே வரும்போது ஒரு வணக்கம் வைப்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு ட்ரெயினில் வருகிறேன். அதிலேயே தூங்கிக் கொள்ளலாமா?

தாராளமாக. செங்கல்பட்டிலேயே வண்டி ஏறுவதால் உங்களுக்கு ஜன்னல் சீட் கிடைக்கும். தாம்பரம் வரை அரை மணிக்கு மேல் நிம்மதி. தாம்பரத்தில் ஏறும் கூட்டத்தில் யாராவது ஒருவர் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று தோளைத் தட்டுவார், அலாரமே வேண்டாம். பை வாரைக் காலில் சுற்றிக்கொள்ளுங்கள். போன் பைக்குள் இருக்கட்டும். வாசல் பக்கம் நின்றுகொண்டே கண் அசருவது கூடவே கூடாது.

கடைசி பெஞ்ச்?

வேண்டாம். எல்லா ஆசிரியரும் முதலில் பார்ப்பது அங்கேதான்.

நான் உதவிப் பேராசிரியர். இரண்டு மணி லேபில் பாதி வகுப்பு தூங்குகிறது. என்ன செய்யலாம்?

சார், முடிந்தால் செய்முறையை அந்த நேரத்துக்கும் தியரியைக் காலைக்கும் மாற்றச் சொல்லுங்கள் என்று எழுத வந்தேன், உங்களுடையது ஏற்கெனவே லேப். அப்படியானால் விளக்கவுரையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு எல்லாரையும் எழுந்து நிற்க வையுங்கள். நின்றுகொண்டு பியூரெட் பிடிப்பவன் தூங்க மாட்டான்.

ராத்திரி ஒன்பது மணி நேரம் தூங்குகிறேன். இருந்தும் பகல் முழுக்கத் தூக்கம் வருகிறது.

உங்களுக்கு நான் இடம் சொல்லப் போவதில்லை. ரத்தசோகை, தைராய்டு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது என்று காரணம் பல இருக்கலாம். ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம், அரசு மருத்துவமனையில் செலவும் இல்லை. குறட்டை உண்டா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு, இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.