கைரேகை விழாவிட்டால் ரேஷன் அரிசி கிடையாதா?

கேள்வி: திருப்பூர் பக்கம் மங்கலத்தில் இருக்கிறோம். அம்மா பல வருடம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். ரேஷன் கடை மெஷினில் அவருக்குக் கைரேகை விழுவதில்லை. "நாளைக்கு வந்து பாருங்கம்மா" என்று இரண்டு மாதமாகத் திருப்பி அனுப்புகிறார்கள். யாரிடம் கேட்பது?

பதில்: ரேகை விழவில்லை என்பதற்காக அரிசி இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய உணவுத் துறை 2017 அக்டோபர் 24 அன்று எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையில் இது இருக்கிறது. ரேகை பொருந்தாவிட்டாலும் பொருளைக் கொடுத்து, அதைத் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றமும், ரேகை பொருந்தாத காரணத்துக்காக யாருக்கும் உதவி மறுக்கப்படக் கூடாது என்றது.

பிளீச்சிங்கிலும் காஸ்டிக் சோடாவிலும் ஊறிய விரலில் ரேகை தேய்ந்துதான் போகும். தறி, செங்கல் சூளை, வயல் வேலை செய்தவர்களுக்கும், வயதானவர்களுக்கும் இதே கதைதான். மெஷின் எல்லாரையும் ஒன்றாகப் பார்ப்பதாகச் சொல்வார்கள். ஆனால் அது திருப்பி அனுப்புவது உழைத்துத் தேய்ந்த கைகளை. இதை நான் பாகுபாடு என்றுதான் சொல்வேன்.

சரி, என்ன செய்யலாம்? அடுத்த முறை "பதிவேட்டில் எழுதிப் பொருள் கொடுங்க" என்று கேளுங்கள். செல்போனுக்கு வரும் ஓடிபி மூலம் பில் போட முடியுமா என்றும் கேளுங்கள். மறுத்தால் தேதி, நேரம், கடை எண்ணைக் குறித்துக்கொண்டு 1967-க்குப் போன் செய்யுங்கள். வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்குங்கள்.

அப்புறம், கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது பி.எச்.எச். ஏ.ஏ.ஒய். (அந்தியோதயா, அதாவது மிக ஏழைக் குடும்பம்) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு நேரடியாகத் துணை நிற்கும். விட்டுப்போன மாதங்களுக்கு உணவுப் பாதுகாப்புப் படி, அதாவது கிடைக்காத பொருளுக்குப் பதிலாகப் பணம், கேட்கலாம். மாவட்டக் குறைதீர் அலுவலர் சொன்ன நிவாரணத்தைத் தக்க காரணமில்லாமல் தராத அதிகாரிக்கு, மாநில உணவு ஆணையம் 5,000 ரூபாய் வரை அபராதம் போட முடியும்.

இதே சட்டத்தின் 29-வது பிரிவுப்படி ஒவ்வொரு கடைக்கும் விழிப்புக் குழு இருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத் திறனாளிகளுக்கு அதில் இடம் உண்டு. உங்கள் கடைக் குழுவில் யார் யார், ரேகை விழாமல் பதிவேட்டில் எழுதிப் பொருள் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பதிவேடே இல்லை என்று பதில் வந்தால், அந்தக் காகிதத்தோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.