கெப் வாங்கும் முன் பெட்டியை நிறுங்கள்

வாகனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் மைத்துனரும் சேர்ந்து 16 அடி நீளமான கரவன் பெட்டியொன்றை உள்ளூர் கராஜ் ஒன்றில் செய்விக்க இருக்கிறோம். அறுகம்பையில் பருவகாலத்தில் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதும், மற்ற மாதங்களில் குடும்பத்தோடு எல்ல பக்கம் போய்வருவதும் எங்கள் எண்ணம். இழுப்பதற்கு ஒரு டபிள் கெப் வாங்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் 2.5 லீற்றர் டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்றும், 2016ஆம் ஆண்டின் மிட்சுபிஷி எல் 200 ஒன்றும் விலைக்கு வந்துள்ளன. கனடாவிலிருக்கும் தமையனார், தான் ஃபோர்ட் எஃப்-150இல் மூன்று தொன் கரவன் இழுப்பதாகவும், சிறிய இஞ்சின் சரிவராது என்றும் சொல்கிறார். இங்குள்ளவர்களோ, உழவு மெஷினே இரண்டு தொன் நெல்லை இழுக்கிறது, எந்தக் கெப்பும் போதும் என்கிறார்கள். எவர் சொல்வதை எடுப்பது?
(வாசகர், திருக்கோவில்)

பதில்: உங்கள் கடிதத்தில் பெட்டியின் நீளம் இருக்கிறது, கெப்பின் ஆண்டு இருக்கிறது, இஞ்சினின் அளவும் இருக்கிறது. பெட்டியின் எடை மட்டும் இல்லை. அது தெரியாமல் எந்தக் கெப் நல்லது என்று நான் சொன்னால், ஆளைப் பார்க்காமல் சட்டை தைத்துக் கொடுத்ததாகிவிடும்.

உழவு மெஷினை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வயல் வரம்பிலிருந்து ஆலை வரைக்கும் ஆறுதலாகப் போகிற அந்த வண்டிக்கு, இழுக்கும் பலம் இருந்தால் போதும். அக்கரைப்பற்று வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றரில் போய்க்கொண்டிருக்கும்போது மாடு ஒன்று குறுக்கே வந்தால், ஒன்றரைத் தொன் பெட்டி பின்னாலிருந்து தள்ளத் தள்ள வண்டியை நேராக நிறுத்துவது வேறு விதமான வேலை. கெப்பைத் தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியது அந்த நேரத்தைத்தான்.

தமையனார் சொல்வது அவருடைய நாட்டுக்குச் சரி. 2021ஆம் ஆண்டு எஃப்-150இன் உச்ச இழுவை எல்லை, அதற்குரிய இஞ்சினும் இழுவை உபகரணங்களும் சேர்ந்த நிலையில், 14,000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 6,350 கிலோவாக இருந்தது. வட அமெரிக்காவில் இத்தகைய எண்களைக் கணிப்பதற்கு ஒரு பொது முறை இருக்கிறது. அரிசோனாவிலுள்ள டேவிஸ் டாம் ஏற்றத்தில், 38 பாகை செல்சியஸ் வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, சுமார் 18 கிலோமீற்றர் தூரத்தை மணிக்கு 64 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஏறிக் காட்ட வேண்டும். அப்படிப் பெற்ற எண்ணாக இருந்தாலும், அது வண்டியில் ஆட்களும் சாமான்களும் நிறையாத நிலைக்கான உச்சம் என்பதை அங்குள்ளவர்களே அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். நம் நாட்டில் ஓடும் டபிள் கெப்புகளின் எல்லை இதைவிட மிகக் குறைவு; உங்கள் பெட்டிக்கு அவ்வளவு தேவையுமில்லை.

இனி எடைக்கு வருவோம். தகரம், அலுமினியம், இரும்புச் செசி எல்லாம் சேர்த்து வெறும் பெட்டி 1,100 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 லீற்றர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அதோடு நிறைந்த காஸ் சிலிண்டர், பற்றரி, குளிர்சாதனப் பெட்டி, மெத்தைகள், சட்டி பானை, உடுப்புகள் என்று ஏற்ற ஏற்ற 1,500 கிலோவைத் தொட்டுவிடும். பெட்டி கட்டி முடிந்ததும், பயணத்துக்குப் போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, லொறியோடு நெல் நிறுக்கும் பெரிய தராசுள்ள ஆலை ஒன்றுக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பாருங்கள். நம் மாவட்டங்களில் அத்தகைய ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. கட்டுவதற்கு முன்னரேயே, கராஜ்காரரிடம் இரும்பின் தடிப்பையும் நீளத்தையும் கேட்டு எடையைத் தாளில் கணித்துக்கொண்டால், கெப்பை விலை பேசுவதற்கு அந்த எண்ணே போதும்.

அடுத்தது பலருக்கும் தெரியாத கணக்கு. பெட்டியின் எடை முழுவதும் அதன் சில்லுகளில் நிற்பதில்லை. பத்தில் ஒரு பங்களவு, முன்னால் நீண்டிருக்கும் கொளுவு முனை வழியாகக் கெப்பின் பின்பக்கத்தில் இறங்குகிறது. 1,500 கிலோ பெட்டிக்கு அது 150 கிலோ. உங்கள் கெப் 900 கிலோ ஏற்றக்கூடியது என்றால், ஐந்து பெரியவர்களுக்கு 350, கூடாரக் கூரை, முன் இரும்புச் சட்டம், கருவிப் பெட்டி ஆகியவற்றுக்கு 150, பெட்டியைக் கொளுவுவதற்காகக் கெப்பின் பின்னால் பொருத்தும் டோ பார் என்ற இரும்புச் சட்டத்துக்கு 30, பின்தட்டில் வைக்கும் சாமானுக்கு 150, கொளுவு முனைக்கு 150 என்று கூட்டினால் 830 வருகிறது. மிச்சம் 70 கிலோ. பெட்டி இழுவை எல்லையைத் தொடாத நிலையிலேயே, கெப்பின் சுமை எல்லை ஏறத்தாழ முடிந்துபோகிறது. ஆகவே ஒரு கெப்பைப் பார்க்கப் போனால் இஞ்சின் மூடியைத் திறக்கும் முன் கைநூலை வாங்கி, ஏற்றக்கூடிய எடை, இழுக்கக்கூடிய எடை, கெப்பும் பெட்டியும் சேர்ந்து இருக்கக்கூடிய மொத்த எடை, கொளுவு முனையின் எல்லை ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் முடிகிற எல்லைதான் உங்கள் எல்லை.

முனைப் பாரம் குறைந்தால் நல்லதுதானே என்று நினைத்து, சாமான்களைப் பெட்டியின் பின்பக்கத்தில் அடுக்கிவிடாதீர்கள். பல வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் பழைய அரிசி ஆலை இயந்திரத்தை இரண்டு சில்லுப் பெட்டியில் ஏற்றி, அம்பாறையிலிருந்து காரைதீவுப் பக்கமாக நானே இழுத்து வந்தேன். இறக்குவதற்கு இலகுவாக இருக்கட்டும் என்று பாரத்தைச் சில்லுகளுக்குப் பின்னால் வைத்திருந்தோம். பெரிய பஸ் ஒன்று எதிரே வந்து கடந்த காற்றில் பெட்டியின் வால் ஒரு முறை அசைந்தது. நான் பதறி பிரேக்கை மிதித்தேன். அசைவு பெருத்து, கெப்பின் பின்சில்லுகளையும் சேர்த்து இடமும் வலமுமாக அடித்தது. வீதியோரத்து மணலில் இறங்கித்தான் நின்றோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பிழை என்னுடையது. பாரத்தை முன்னுக்கு வைத்திருக்க வேண்டும், அசையத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு அக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்திருக்க வேண்டும். கடலோர வீதியில் கரவனின் பக்கச்சுவரில் படும் காற்று அந்த இயந்திரத்தில் பட்டதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் இதை விரித்து எழுதுகிறேன்.

முனைப் பாரத்தை நீங்களே அளக்கலாம். சமதரையில் பெட்டியை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கொளுவு முனைக்குக் கீழே ஒரு மரத்துண்டையும் அதன் கீழே தராசையும் வைத்து, முனை டோ போலில் (கெப்பில் அது அமரும் இரும்புக் குண்டில்) இருக்கும் அதே உயரத்தில் நிற்கும்படி இறக்கினால் எண் தெரியும். அதன்பின் கெப்பின் நான்கு சில்லுகளுக்கு மேலுள்ள மட்காட் விளிம்பின் உயரத்தையும் பெட்டியைக் கொளுவுவதற்கு முன்னும் பின்னும் அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்து முன்பக்கம் எழும்பியிருந்தால், இரவில் உங்கள் ஹெட்லைட் வெளிச்சம் வீதியில் விழாமல் தென்னை வட்டில் விழும். அதைவிட முக்கியமாக, முன்சில்லுகளில் பாரம் குறைந்து ஸ்டியரிங்கும் பிரேக்கும் தளர்ந்துவிடும்.

பிரேக் விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பல நாடுகளில் கெப் உற்பத்தியாளர்கள் பிரேக் இல்லாத பெட்டிக்குத் தரும் எல்லை 750 கிலோதான். உங்கள் பெட்டி அதைப் போல இரண்டு மடங்கு. ஆகவே பெட்டிக்குச் சொந்த பிரேக் வேண்டும். கெப் வேகம் குறைக்கும்போது பெட்டி முன்னே தள்ளுகிற அந்தத் தள்ளுகையினாலேயே இயங்கும் வகை எளிமையானது. மின்சார பிரேக் இன்னும் நல்லது. அதற்குக் கெப்பினுள் ஒரு கட்டுப்படுத்தி பொருத்த வேண்டும். கொளுவி கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் கேபிளும், குறுக்காகப் போடும் இரண்டு சங்கிலிகளும் இல்லாமல் பெட்டியை ஒரு முழம்கூட வீதியில் இறக்க வேண்டாம். கராஜ்காரர் இவற்றைத் தேவையில்லாத செலவு என்று சொன்னால், வேறு கராஜ் பாருங்கள்.

இப்போது உங்கள் இரண்டு கெப்புகள். 2008ஆம் ஆண்டுத் தலைமுறை ஹைலக்ஸ் உழைப்பாளி வண்டி என்பதில் சந்தேகமில்லை. எனினும், அந்தத் தலைமுறையின் 3 லீற்றர் நான்கு சக்கர இழுவை வண்டிக்கே அந்தக் காலத்தில் அவுஸ்திரேலியாவில் 2,250 கிலோதான் எல்லையாகத் தரப்பட்டிருந்தது. உங்களுக்கு வந்திருப்பது அதைவிடச் சிறிய இஞ்சின். 2015இல் வந்த தலைமுறை எல் 200க்கு அங்கே 3,100 கிலோ கொடுக்கப்பட்டது. இந்த எண்கள் நாட்டுக்கு நாடும் மொடலுக்கு மொடலும் மாறும் என்பதால், வாங்கும் வண்டியின் கைநூலிலுள்ளதையே இறுதியாகக் கொள்ளுங்கள். எல்லையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமலும், பெட்டி கெப்பின் வெறும் எடையைத் தாண்டாமலும் இருப்பது நான் கடைப்பிடிக்கும் வழக்கம். அந்தக் கணக்கில் 1,500 கிலோ பெட்டிக்கு ஹைலக்ஸ் விளிம்பில் நிற்கிறது, எல் 200 ஆறுதலாக நிற்கிறது. செசி நல்ல நிலையில் இருந்தால் எல் 200ஐ எடுங்கள்.

செசி என்று சொன்னது காரணத்தோடுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற கெப்புகளே எல்லா வேலையையும் செய்தன. கடலோர ஊர்களில் ஓடியவற்றின் அடிப்பக்கம் புதுக் கறுப்புப் பூச்சோடு அழகாகத் தெரியலாம். வண்டியை உயர்த்தி, பின் ஸ்பிரிங் செசியோடு சேரும் இடங்களில் சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மந்தமாகக் கேட்கும். அங்கே ஒட்டுப்போட்ட அடையாளம் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். டோ பார் பொருத்தப்படுவதும் அதே செசியில்தான். பின் பம்பரிலிருக்கும் துளையில் டோ போலை மாட்டி 1,500 கிலோ இழுப்பதை நான் கண்டிருக்கிறேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

டோ போலின் விட்டத்தையும் பாருங்கள். 50 மில்லிமீற்றர் குண்டுக்குச் செய்த கொளுவியை அதைவிடச் சிறிய 47.6 மில்லிமீற்றர் குண்டில் போட்டால், பூட்டியது போலத்தான் இருக்கும். முதல் பள்ளத்தில் எழும்பிவிடும்.

திருக்கோவிலிலிருந்து பொத்துவில் வரை சமதரை. எல்ல அப்படியல்ல, வெல்லவாயவிலிருந்து 1,000 மீற்றரை அண்டிய உயரம் வரை வளைந்து வளைந்து ஏற வேண்டும். ஏறுவதை எல் 200 பார்த்துக்கொள்ளும். திரும்பி இறங்கும்போது, சரிவு தொடங்கும் முன்னரே கியரைக் குறைத்து இஞ்சினின் பிடியில் வண்டியை விடுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால், இராவணா நீர்வீழ்ச்சியை நெருங்கும்போது பிரேக் சூடேறி மணக்கும், மிதியும் பஞ்சு போலாகிவிடும்.

சட்டப் பக்கம்: பெட்டிக்குத் தனிப் பதிவு வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பும், இழுக்கக்கூடிய பெட்டியின் எடையை வரையறுக்கிறது. இரும்பு வாங்கும் முன் வரைபடத்தோடும் கணித்த எடையோடும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக்கு விடுவதைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: பெட்டி இழுப்பதற்கு ஒட்டோ கியர் கெப் கூடாது என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: பழைய பேச்சு. பெட்டியோடு ஏற்றத்தில் கிளம்பும்போது மனுவல் வண்டியின் கிளச் எரிவதுதான் நான் அதிகம் கண்ட பழுது. ஒட்டோ கியருக்கு எதிரி சூடு. கியர் எண்ணெய்க்குத் தனிக் குளிரூட்டி இருக்கிறதா என்று பாருங்கள், எண்ணெயைக் கைநூல் சொல்வதைவிடச் சற்று முந்தியே மாற்றுங்கள், மணலில் புதைந்தால் அக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டே நிற்காமல் டயரின் காற்றைக் குறைத்து லோ கியரில் எடுங்கள்.

கேள்வி: பின் ஸ்பிரிங்குக்கு மேலதிகமாக ஒரு தட்டுப் போட்டால் கூடுதல் பாரம் இழுக்கலாமா?
(வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: முடியாது. வண்டியின் வால் எழும்பும். அக்சில், பிரேக், செசி ஆகியவற்றின் எல்லை அப்படியே இருக்கும்.

கேள்வி: என் 18 அடிப் படகை ட்ரெயிலரில் ஏற்றிக் கெப்பால் இழுக்கிறேன். கெப்பில் ஒரு குறையுமில்லை. ட்ரெயிலரின் சில்லுப் பேரிங் மட்டும் சில மாதங்களுக்கு ஒரு முறை போய்விடுகிறது. ஏன்?
(வாசகர், வாழைச்சேனை)

பதில்: தூரத்திலிருந்து வந்த கையோடு ட்ரெயிலரைத் தண்ணீரில் இறக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓடிவந்த ஹப், அதாவது பேரிங் இருக்கும் சில்லின் நடுப்பகுதி, சூடாக இருக்கும். உள்ளேயிருக்கும் காற்றும் விரிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அந்தக் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. கிரீஸ் பால் நிறமாக மாறியிருந்தால் காரணம் இதுவேதான். கரைக்கு வந்ததும் புறங்கையால் ஹப்பைத் தொட்டுப் பார்த்து, அது ஆறும் வரை பொறுத்திருங்கள். இறக்கும் முன் விளக்கு வயரின் பிளக்கைக் கழற்றுங்கள். எடுத்தபின் நல்ல தண்ணீரால் கழுவி, வருடத்துக்கு ஒரு முறை சீலைப் புதிதாக மாற்றி, தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும் கிரீஸை நிரப்புங்கள்.