அமெரிக்க அண்டர்கிரவுண்ட் காமிக்ஸில் பெண் கார்ட்டூனிஸ்ட்டுகள் இருந்தார்களா? அதை வைத்து அவர்களால் பிழைக்க முடிந்ததா?

இருந்தார்கள். பிழைத்தார்களா என்றால், அநேகமாக இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பெயர்ப்பட்டியல் போட்டுப் பதில் சொல்வதைவிட ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: அலீன் கொமின்ஸ்கி-க்ரம்ப். எனக்குப் பிடித்தவர். பலருக்கு இவரைக் கண்டாலே ஆகாது. "இவருக்கு வரையவே தெரியாதே" என்பார்கள். அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே கடுமையான தணிக்கை விதிகளைப் போட்டுக்கொண்டார்கள். அறுபதுகளின் பிற்பகுதியில் சில இளைஞர்கள் அந்த விதிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, சொந்தமாகவோ சிறு அச்சகங்கள் மூலமாகவோ காமிக்ஸ் அடித்து, ஹிப்பிகள் வந்துபோகும் கடைகளில் விற்றார்கள். ராபர்ட் க்ரம்பின் 'ஜாப் காமிக்ஸ்' 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் வந்தது. முதலாளி இல்லை, தணிக்கை இல்லை. ஆனால் இதழுக்கு யார் யார் வரைவது என்பதை நண்பர்கள் கூடித்தான் முடிவு செய்தார்கள். அந்த நண்பர்கள் எல்லோரும் ஆண்கள். கதவு திறக்காது என்று தெரிந்துகொண்ட கார்ட்டூனிஸ்ட் ட்ரினா ராபின்ஸ், 1970இல் முழுக்கப் பெண்களே உருவாக்கிய 'இட் எய்ன்ட் மீ பேப்' என்ற இதழைக் கொண்டுவந்தார். 1972இல் 'விம்மென்ஸ் காமிக்ஸ்' தொடங்கியது. பெண்கள் கூட்டாக நடத்திய அந்தத் தொடருக்கு ஆசிரியர் பொறுப்பு இதழுக்கு இதழ் கைமாறும். இருபது ஆண்டுகளில் 17 இதழ்கள்.

அதன் முதல் இதழில்தான் அலீன் அறிமுகமானார். 1948இல் நியூயார்க் லாங் ஐலண்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் கோல்ட்ஸ்மித். ஓவியம் படித்து அரிசோனா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். கல்லூரி ஓவியம் அவருக்கு ஒட்டவில்லை. ஜஸ்டின் கிரீன் தன் மதக் குற்றவுணர்வை வெட்கமில்லாமல் வரைந்திருந்த காமிக்ஸைப் பார்த்ததும், இப்படியும் செய்யலாமா என்று தோன்றியிருக்கிறது. கோல்டி என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டு தன் கதையையே வரைந்தார். அப்பா அம்மா சண்டை, பருவ வயதில் தன் உடம்பின் மேல் வந்த அருவருப்பு, யாராவது விரும்ப மாட்டார்களா என்ற தவிப்பு, சுய இன்பம், எல்லாம் ஐந்து பக்கத்தில். ஒரு பெண் வரைந்த முதல் தன்வரலாற்றுக் காமிக்ஸ் என்று இதைத்தான் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள்.

பெண்களே நடத்தும் இதழ் என்பதால் அங்கே அவருக்கு நிம்மதி கிடைத்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். கிடைக்கவில்லை. ட்ரினாவின் பெண்கள் அழகானவர்கள், திடமானவர்கள், நன்றாக உடுத்துபவர்கள். பெண்ணுக்கு நிமிர்ந்த பிம்பம் வேண்டும் என்பது அந்த அணியின் எண்ணம். அலீனோ முடி முளைத்த காலும் பருத்த தொடையுமாகத் தன்னையே வரைந்து கேலி செய்துகொண்டிருந்தார். போதாக்குறைக்கு ராபர்ட் க்ரம்போடு வாழ ஆரம்பித்திருந்தார். க்ரம்பின் கதைகளில் பெண்கள் மீது காட்டப்படும் வன்மத்தை வெளிப்படையாகக் கண்டித்தவர்களில் ட்ரினா முக்கியமானவர். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அதன் சூடு அலீன் மேலும் விழுந்தது. ஆண்கள் பக்கம் போனால் பெண்டாட்டி, பெண்கள் பக்கம் போனால் துரோகி. வேண்டாத மருமகள் கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம்.

1976இல் அலீனும் இன்னொரு கார்ட்டூனிஸ்ட்டான டயான் நூமினும் அந்த அணியிலிருந்து பிரிந்து வந்து 'ட்விஸ்டட் சிஸ்டர்ஸ்' இதழைப் போட்டார்கள். அதன் அட்டையை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அலீன் கழிவறையில் உட்கார்ந்திருக்கிறார். கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. தன் முகம் எப்படிப் போய்விட்டது, சாப்பிட்டதில் எவ்வளவு கலோரி என்பதுதான் அவருடைய கவலை. கவர்ச்சிக்காக வரைந்த படமும் இல்லை, புரட்சிக்காக வரைந்த படமும் இல்லை. ஒரு பெண் தனியாக இருக்கும்போது எப்படி இருப்பாளோ அப்படி. கடையில் தொங்கவிட்டு விற்க வேண்டிய இதழின் முகப்பில் இதை வரைய எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இனி, "வரையவே தெரியாது" என்று சொல்லவைக்கும் அவருடைய கோணல் கோட்டுக்கு வருகிறேன். நான் சில காலம் பத்திரிகைக் கதைகளுக்குப் படம் வரைந்திருக்கிறேன். ஒரு ஆசிரியர் என்னிடம் கேட்கும் திருத்தம் எப்போதும் ஒன்றுதான்: "கதாநாயகிக்கு மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள்." கதையில் அவள் பாட்டியாக இருந்தாலும் விடமாட்டார். அலீன் மூக்கைப் பற்றியே ஒரு சிறுகதை வரைந்திருக்கிறார் என்று தெரிந்தபோது தேடிப் படித்தேன். 1960களின் தொடக்கத்தில் அவர் பள்ளியில் படித்த யூதப் பெண்கள் ஒவ்வொருவராக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஒரே அச்சில் வார்த்த சின்ன மூக்கோடு வகுப்புக்குத் திரும்புகிறார்கள். இவர் மட்டும் மசியவில்லை. பள்ளிப் படிப்பைத் தன் சொந்த மூக்கோடு முடிக்கிறார். அதே அலீன் தன்னை வரையும்போது அந்த மூக்கு பக்கத்தின் ஒரு கட்டத்துக்குள் நீண்டிருக்கும், அடுத்த கட்டத்துக்குள் தடித்திருக்கும். ஒரு தடவைபோல் மறுதடவை இராது. முகம் ஒரே மாதிரி வரவேண்டும் என்பது கார்ட்டூன் தொழிலின் பாலபாடம். அலீன் அதை மீறினார். தன்னை ஒவ்வொரு நிமிடமும் வேறுவேறாகப் பார்க்கும் ஒருத்தியை வேறு எப்படி வரைவது?

கோல்டிக்குப் பிறகு தன் பாத்திரத்துக்கு அவர் வைத்த பெயரும் இப்படி வீம்பாக எடுத்துக்கொண்டதுதான். க்ரம்ப் அவரைச் சந்திப்பதற்கு முன்பே ஹனிபன்ச் கமின்ஸ்கி (Honeybunch Kaminski) என்று ஒரு கொழுகொழுப் பெண் பாத்திரத்தை உருவாக்கியிருந்தார். பெயரும் தோற்றமும் பொருந்திப் போனதால்தான் நண்பர்கள் இருவரையும் அறிமுகம் செய்தார்கள். அலீன் அந்தப் பெயரில் இருந்த 'ஹனி'யைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டார். 'தி பன்ச்': சொன்ன பேச்சுக் கேட்காத, முரட்டு, வாயாடிப் பெண்.

அலீனுக்குக் கால் எலும்பு முறிந்து படுத்திருந்தபோது பொழுதுபோக்காக இருவரும் சேர்ந்து வரைய ஆரம்பித்தார்கள். 1974இல் அது 'டர்ட்டி லாண்ட்ரி'யாக வந்தது. அவரவர் உருவத்தை அவரவர் வரைவார்கள். ஒரே கட்டத்துக்குள் ராபர்ட் நுணுக்கமான குறுக்குக் கோடுகளோடு நிழல் விழ நிற்பார். பக்கத்தில் அலீன் கிறுக்கலாக, தட்டையாக, கத்திக்கொண்டு நிற்பார். கணவன் மனைவிச் சண்டையில் இரண்டு பேர் கட்சியையும் ஒரே சமயத்தில் கேட்பதுபோல் இருக்கும். வாசகர்கள் சிலருக்கு இது பொறுக்கவில்லை. அவளை வீட்டில் வைத்துக்கொள், உன் பக்கத்தில் வரைய விடாதே என்று ராபர்ட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். இருவரும் 1978இல் திருமணம் செய்துகொண்டார்கள். கடைசிவரை சேர்ந்து வரைவதை நிறுத்தவில்லை. பிற்காலத்தில் 'நியூ யார்க்கர்' இதழிலேயே அந்தக் கிறுக்கல் வந்தது.

பிழைப்பு? 1973இல் ஆபாசம் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு எது ஆபாசம் என்பதை அந்தந்த ஊரின் அளவுகோலே தீர்மானிக்கலாம் என்றாகிவிட்டது. கடைக்காரர்கள் பயந்தார்கள், சந்தை சுருங்கியது. ஆண்களே திண்டாடினார்கள். அலீனின் தனிக் கதைகள் 'லவ் தட் பன்ச்' என்று புத்தகமாக வர 1990 ஆயிற்று. கணவரின் புகழ் வீட்டுக்குச் சோறு போட்டது; இவருடைய பெயரை மறைக்கவும் செய்தது.

என்னைக் கேட்டால், அவருடைய தொழில்வாழ்க்கையில் அதிகம் பேசப்பட வேண்டியது அவர் வரைந்ததைவிட, பிறருக்கு இடம் கொடுத்ததுதான். க்ரம்ப் 1981இல் தொடங்கிய 'வீர்டோ' இதழ், கார்ட்டூனிஸ்ட் பீட்டர் பாக் கைக்குப் போய், 1986இல் அலீனிடம் வந்தது. கடைசி இதழான 28ஆவது வரை, 1993 வரை, இடையில் ஓர் இதழைத் தவிர அவர்தான் ஆசிரியர். கரோல் டைலர், ஃபீபி க்ளோக்னர், மான்ட்ரியாலிலிருந்து ஜூலி டூசே என்று பெண்கள் அதில் வரைந்தார்கள். மகள் சோஃபியை வளர்த்துக்கொண்டே செய்த வேலை அது. 1990களின் தொடக்கத்தில் குடும்பத்தைத் தென் பிரான்ஸின் சோவ் என்ற சிற்றூருக்கு நகர்த்தியதிலும் முன்கை அலீனுடையதுதான். ராபர்ட் தன் ஸ்கெட்ச் புத்தகங்கள் சிலவற்றைக் கொடுத்துத்தான் அந்த வீடு கைக்கு வந்தது.

2022 நவம்பரில் கணையப் புற்றுநோயால் இறந்தார். வயது 74.

படிக்க நினைப்பவர்களுக்கு: 'லவ் தட் பன்ச்' புத்தகத்தின் விரிவாக்கப்பட்ட பதிப்பு 2018இல் வந்தது, அதை வாங்குங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. அம்மாவை 'ப்ளாபெட்' என்ற பெயரில் வரைந்திருக்கும் கதைகளிலிருந்து ஆரம்பித்தால் சிரிப்பு உடனே வரும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். முதல் பத்துப் பக்கம் கண்ணை உறுத்தும், அதற்கு மேல் பழகிவிடும். பழகாவிட்டால் ட்ரினா ராபின்ஸுக்குப் போங்கள், அங்கே எல்லோரும் அழகாக இருப்பார்கள்.