மரைத் தலைக்குச் சிறிய வீட்டில் இடம் எங்கே?

கேள்வி: தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து 550 சதுர அடித் தனி வீட்டுக்கு மாறியிருக்கிறோம். பங்களாவில் அப்புவாக (சமையற்காரராக) இருந்த என் மாமனாருக்கு, தோட்டங்கள் அரசுடைமையானபோது ஊர் திரும்பிய துரை கொடுத்துவிட்டுப் போன பாடம் பண்ணிய மரைத் (கடமான்) தலையொன்று எங்களிடம் உள்ளது. கொம்புகளோடு மூன்றடி அகலம். சுவரில் மாட்டினால் 26 அங்குலம் முன்னால் நிற்கும். ஹோலில் மாட்டலாம் என்கிறார் கணவர். பிள்ளைகளின் கண்ணில் கொம்பு குத்திவிடுமோ என்று நான் பயப்படுகிறேன். இதற்கிடையே ஒருவர் வந்து, கொம்பை மட்டும் அறுத்துப் பலகையில் பதித்துத் தருவதாகவும், 35,000 ரூபாய் கொடுத்தால் ‘லைசன்ஸ்’ எடுத்துத் தருவதாகவும் சொல்கிறார். என்ன செய்வது? (வாசகி, பொகவந்தலாவை)

பதில்: ஹோலில் மாட்டலாம், ஆனால் உங்கள் கணவர் நினைப்பதுபோல் சுவரின் நடுவில் அல்ல, உட்சுவர்கள் இரண்டு சந்திக்கும் மூலையில் குறுக்காக, மூக்கு நுனி தரையிலிருந்து ஆறரை அடிக்கு மேல் இருக்குமாறு மாட்டுங்கள். அதை எப்படிச் செய்வதென்று பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த ‘ஒருவரை’ப் பற்றிப் பேசியாக வேண்டும். நூதனசாலை வேலையில் இருந்த காலம் முதல் இவரைப் போன்றவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இவர்கள் வருவது கொம்புக்காக. கத்திக்குப் பிடி போடவும் நாட்டு மருந்துக்கும் மரைக்கொம்பை வாங்க ஆள் இருக்கிறது. முகமும் தோலும் அவர்களுக்குக் குப்பை. ‘இடம் போதாது, கொம்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று அனுதாபமாகப் பேசித் தலையை எடுத்துச் செல்வார்கள்; ஒரு மாதம் கழித்து வார்னிஷ் பூசிய பலகையில் ஒரு சோடிக் கொம்பு திரும்பி வரும். அது உங்கள் வீட்டுக் கொம்புதானா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? தோட்டத்துக் குடும்பமொன்று கொடுத்தனுப்பிய கனத்த கொம்புக்குப் பதிலாக, இடமும் வலமும் வெவ்வேறு விலங்குகளுடையதான மெலிந்த சோடி வந்து சேர்ந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பழைய தலைகளில் கொம்பு தனியாக ஒட்டப்பட்டிருப்பதில்லை. மண்டையோட்டின் ஒரு துண்டோடு சேர்த்து உள்ளேயிருக்கும் மரக்கட்டையில் திருகியிருப்பார்கள். அதை எடுக்க நெற்றித் தோலைக் கிழித்தாக வேண்டும், கிழித்ததை மறுபடி தைத்து ஒப்பேற்ற முடியாது. ஆகவே அறுக்க விடாதீர்கள்.

அடுத்தது அந்த 35,000 ரூபாய். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அது பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது, 2009 திருத்தமும் அவற்றில் ஒன்று. காட்டு விலங்கின் உடற்பாகங்களை விற்பதும் கைவசம் வைத்திருப்பதும் அந்தச் சட்டத்துக்குள் வரும் விடயங்கள். துரை கொடுத்தார், அவர் அன்பளித்தது அந்தக் காலத்தில் என்பது நல்ல கதை. ஆனால் கதை ஆவணமாகாது. நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தலையை முன்புறமும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். பின்பலகையில் ஆண்டோ பெயரோ எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். மாமனாரின் வேலைப் புத்தகமோ பழைய குடும்பப் படமோ இருந்தால் அதன் பிரதியையும் சேர்த்து, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு நீங்களே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பதிலை எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை தலையை யாருக்கும் விற்கவோ, கைமாற்றவோ, வாகனத்தில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோகவோ வேண்டாம். தரகர் கொண்டுவரும் முத்திரை குத்திய தாளை நம்பி மாட்டினால், ஒருநாள் சோதனைக்கு வருபவர் முன்னால் நிற்கப்போவது நீங்கள்தான், தரகர் அல்ல.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். அது உங்கள் உரிமை, சலுகை அன்று. மலையக நகரமொன்றில் அரச அலுவலகமொன்றுக்கு இதே போன்றதொரு வேலையாக நான் போனபோது, தமிழ்ப் படிவம் ‘முடிந்துவிட்டது’ என்றார்கள். மறுவாரம் போனால், அதைக் கையாளும் உத்தியோகத்தர் லீவு என்றார்கள். மூன்றாம் முறை வேறு கட்டடத்துக்கு அனுப்பினார்கள், அங்கிருந்தவர் என்னை முதற் கட்டடத்துக்கே திருப்பினார். தரகர்களை வளர்த்துவிடுவது இந்த அலைக்கழிப்புத்தான். ஒரு நாள் சம்பளத்தை இழந்து மூன்று பஸ் ஏறி வரும் பெண்ணை இப்படி நடத்தினால், வாசலில் நிற்பவனிடம் அவள் காசைக் கொடுக்காமல் என்ன செய்வாள்? பதிவுத் தபால் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். தபாலகத்தில் தரும் துண்டுச் சீட்டை எவரும் ‘முடிந்துவிட்டது’ என்று சொல்ல முடியாது.

இனி இடத்துக்கு வருவோம். உங்கள் பக்கம் மலையகத்தின் மேற்குச் சரிவு; தென்மேற்குப் பருவமழை நேராக அறைவது அங்கேதான். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வெளிச் சுவர்கள் உள்ளேயும் குளிர்ந்து ஈரம் கோத்து நிற்கும். பாடம் பண்ணிய தோலுக்கு ஈரம்தான் முதல் எதிரி: காற்றின் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், தோல் தளர்ந்து மறுபடி காயும்போது மூக்கோரமும் கண்ணோரமும் வெடிக்கும். ஆகவே வெளிச் சுவர் வேண்டாம். கூரைத் தகட்டின் கீழ் மிக உயரத்திலும் வேண்டாம். குளிர்ந்த இரவு விடியும்போது தகட்டின் அடியில் நீர் துளிர்த்துச் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அது கொம்பு வழியாக இறங்கி நெற்றியில் தேங்கும். குசினிப் புகையில் பூச்சி வராது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பூச்சி வருவது ஓரளவு குறையலாம், ஆனால் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் மயிரில் ஏறினால் பிறகு இறங்காது. வெயில் விழும் யன்னலுக்கு எதிரும் ஆகாது, மயிர் வெளிறிவிடும்.

மிஞ்சுவது உள்மூலைதான். கணக்கைப் பாருங்கள். மூலைக்குக் குறுக்கே 20 அங்குல அகலப் பலகையொன்றை வைத்தால், பலகையின் நடுவுக்கும் மூலைக்கும் இடையே 10 அங்குலம் இருக்கும். கொம்புகள் பலகையிலிருந்து ஏறத்தாழ 18 அங்குலம் முன்னால் எழும்பும். அந்த இடத்தில் இரு சுவர்களுக்கும் நடுவே 56 அங்குலம் கிடைக்கும். உங்கள் கொம்பின் அகலம் 36 அங்குலம். இருபுறமும் பத்துப் பத்து அங்குலம் மீதி. மூக்கு நுனி எந்தச் சுவரிலிருந்தும் இரண்டடிக்குச் சற்றே அதிகமாகத்தான் வெளியே வரும், அதுவும் யாரும் நடந்து போகாத இடத்தில். அதற்குக் கீழே அலுமாரியையோ டீவி மேசையையோ போட்டுவிட்டால் பிள்ளைகள் அடியில் போய் நிற்கவும் மாட்டார்கள். உணவு மேசைக்கு மேலும் கட்டிலுக்கு மேலும் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

அதற்குக் காரணம் ஆர்செனிக், அதாவது பாஷாணம். பழைய காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கத் தோலின் உட்புறத்தில் பாஷாணம் கலந்த சவர்க்காரத்தைத் தடவினார்கள். 1970கள் வரை இவ்வழக்கம் இருந்தது. உங்களுடைய தலையிலும் அது இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். காதின் அடியிலும் தையல் ஓரத்திலும் வெள்ளைப் பொடி தெரிந்தால் கையால் தட்டவோ வாயால் ஊதவோ கூடாது. முகக்கவசமும் கையுறையும் அணிந்து, வீட்டுக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மென்மையான தூரிகையால் மயிர் போகும் திசையில் மட்டும் தூசியை நீக்குங்கள். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், வார்னிஷ் எதுவும் தோலில் படக் கூடாது.

இவ்வளவு எச்சரிக்கையும் தோல் மூடிய தலைக்குத்தான். தோலே இல்லாத வெறும் கொம்புக்கு அல்ல. கொம்பு எலும்பு போன்றது. ஈரத் துணியால் துடைக்கலாம், இஸ்தோப்பிலும் (முன் விறாந்தையிலும்) மாட்டலாம். இதை நான் சொன்னவுடன், ‘காட்டில் உதிர்ந்து கிடந்ததை எடுத்துவந்து மாட்டலாமா?’ என்று வேறு வாசகர்கள் எழுதுவார்கள், ஆகவே இங்கேயே விளக்கிவிடுகிறேன். மரை (தமிழ்நாட்டார் கடமான் என்பார்கள்) கொம்பை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்க்கும் விலங்கு. மாட்டுக்கும் எருமைக்கும் அப்படியில்லை. உதிர்ந்த கொம்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: முடிச்சு முடிச்சான வளையத்துக்குக் கீழே சற்றே புடைத்த, சொரசொரப்பான முகம் தெரியும். வெட்டியெடுத்த கொம்பில் அந்த வளையத்துக்குக் கீழும் எலும்புத் தண்டு நீண்டிருக்கும், அது வாள் பட்ட தட்டையான முகத்தில் முடியும். ஆகவே உதிர்ந்ததா வெட்டியதா என்பதைக் கண்ணாலேயே பிரித்தறியலாம். ஆனால் உதிர்ந்தது என்பதால் தெரிவது அதற்காக ஒரு மரை கொல்லப்படவில்லை என்பது மட்டுமே. அதை எடுத்துவர அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே மரைகள் மனிதரைக் கண்டு ஒதுங்காமல் நிற்கின்றன என்பதற்காக அவற்றின் கொம்பைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

மாட்டும் வேலைக்கு மேசன் பாஸ் ஒருவரைக் கூப்பிடுங்கள், ஆனால் அவருக்கு முன் நீங்கள் எடையை அறிந்திருக்க வேண்டும். கொழுந்துத் தராசில் தொங்கவிட்டு நிறுத்துப் பாருங்கள். வருகிற எடையின் நான்கு மடங்கைத் தாங்கும்படி பொருத்தச் சொல்லுங்கள். சுவர் உள்ளே குழியுள்ள சீமெந்துக் கல்லாக இருந்தால் வெறும் ஆணியும் பிளாஸ்டிக் பிளக்கும் இரண்டு மழைக்காலம் தாங்காது. இரு சுவர்களிலும் போல்ட் வரும் இடத்துக் கல்லின் குழியைக் கொங்கிறீட்டால் நிரப்பி, போல்ட்டை அதற்குள் பதித்து, ஒரு வாரம் இறுக விட்ட பின்பே அதில் செங்குத்துச் சட்டங்களையும், அவற்றின் மேல் குறுக்குப் பலகையையும் பூட்ட வேண்டும். பலகைக்குப் பின்னால் முக்கோண வெற்றிடம் இருக்கும். அதை அழகுக்காக அடைத்துவிட வேண்டாம், காற்று ஓட அது தேவை.

தலையைத் தூக்க இருவர் வேண்டும். இருவரும் பின்பலகையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். கொம்பைப் பிடித்தால் உள்ளேயுள்ள பழைய திருகாணி நெற்றியோடு கழன்று வரும். தை முதல் பங்குனி வரை உங்கள் பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும், அதற்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள். அதன் பின் மாதம் ஒருமுறை அலுமாரியின் மேல்தட்டைப் பாருங்கள்: உதிர்ந்த மயிரோ, மணல் போன்ற எச்சமோ, மயிரடர்ந்த சிறு பழுப்புப் புழுக்கூடோ கிடந்தால், அன்றே தலையை இறக்கி, தடித்த பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றிக் கட்டி வெளியே வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.